சொல் தட்டாத லொக்கா

சாக்கு சூடாக இருந்தது.

காலையில் துவைத்துக் கொடியில் போட்ட சாக்கு அது. சாயங்காலம் எடுக்கப் போனபோது கொடியில் இல்லை. பின்கதவோரம், லொக்கா எப்போதும் படுக்கிற மூலையில் விரித்தபடி கிடந்தது. காற்று தள்ளியிருக்கும் என்று சந்திரிகா குனிந்து எடுத்தாள். ஓரமெல்லாம் ஈரம், நடுவில் மட்டும் சூடு. அம்பிட்டியப் பக்கம் அன்று வெயிலே எட்டிப் பார்க்கவில்லை.

லொக்காவை முந்தாநாள்தான் கராம்பு மரத்தடியில் புதைத்தார்கள். பதினான்கு வருஷம் வீட்டை ஆண்ட நாய். வாசலை மறித்துக்கொண்டு முதலாளி கணக்காய்ப் படுப்பான் என்பதால் புருஷன் திலீபன், சிங்களத்தில் முதலாளிக்குச் சொல்கிற 'லொக்கா' என்றே பேர் வைத்துவிட்டான். கடைசி மாதம் பின்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. தாடையில் கட்டி. ராப்பகலாக முனகல். "தானா போகட்டுமே" என்று புருஷன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஊசி போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் சந்திரிகாதான். அவளால் அந்த முனகலைக் கேட்க முடியவில்லை.

மிருக வைத்தியர் ஹில்மி வீட்டுக்கே வந்தார். முன்காலில் கொஞ்சம் முடியை மழித்து ஊசியை ஏற்றிவிட்டு, "இனி இவனுக்கு நோவு ஒண்டும் இல்ல" என்றார். லொக்காவின் தலை சந்திரிகாவின் மடியில் இருந்தது. அவள் அவன் காதோரம் குனிந்தாள்.

"போயிட்டு வாடா, லொக்கா."

"சாகிறவன்கிட்ட என்ன போயிட்டு வா?" திலீபன் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டான்.

"வேற எப்படிங்க சொல்றது?"

அவள் தெல்தோட்டைக்காரி. வாசல் தாண்டுகிறவர்களிடம் வெறுமனே 'போ' என்று சொன்னால் அவளுடைய அம்மா வாயிலேயே போடுவாள். நாற்பத்தைந்து வயதாகியும் அந்த ஒற்றைச் சொல் அவளுக்கு வரவே வராது. லொக்காவோ அவள் சொன்ன எதையும் தட்டினவன் இல்லை.

திலீபன் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தான். சந்திரிகா சாக்கை உதறி அதே மூலையில் போட்டுவிட்டு உள்ளே வந்து, கதவைத் தாழிட்டு, அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கும் உலை கொதிக்கிற சத்தத்துக்கும் நடுவே, கராம்பு மரத்துப் பக்கமிருந்து, ஈர மண்ணில் எதையோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கொஞ்சம் கேட்டு, கொஞ்சம் நின்று, மறுபடி கேட்டு, சீமெந்துத் தரையில் ஏறியதும் நகச் சத்தமாக மாறியது. இரண்டு கீறல். பிறகு ஓர் இழுப்பு.

பக்கத்து வீட்டு நாயாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் நாய் இல்லை.

கதவிடுக்கால் வாடை வந்தது. சீழ், மருந்து, கிளறிய மண். அப்புறம் முனகல். மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரத்தில் முனகுவானே, அதே முனகல்.

வெளியே இருப்பது என்ன என்பதுகூட அவளுக்குப் பெரிய பயமாக இல்லை. அவனுக்கு இன்னும் நோகிறது என்பதுதான் பயமாக இருந்தது. இந்தப் பதினான்கு வருஷத்தில் அவன் முனகி அவள் கதவைத் திறக்காமல் இருந்ததில்லை.

திறந்தாள்.

சாக்கில் கிடந்தான். கண்ணுக்குள் மண். இமைகள் மூடவில்லை. தாடைக் கட்டி உடைந்து, அதில் எறும்பு. கை வைத்தாள். காய்ச்சல் கொதித்தது. நெஞ்சைத் தொட்டாள். துடிப்பில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சில்லை.

முனகல் மட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். காய்ச்சல், கட்டி, விழுந்த கால்கள், நோவு. எதையும் விட்டுவிட்டு வா என்று அவள் சொல்லவில்லையே.

"லொக்கா" என்றாள். வால் தரையில் அடித்தது.

அம்மா அடித்த வாயால், இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"போ."

காது நிமிர்ந்தது.

"போடா. வராத. போ."

விளங்கிவிட்டது அவனுக்கு. மரத்துப் பக்கம் திரும்பினான். முன்கால்களை ஊன்றினான். எழுந்தான். முகம் அடிபட விழுந்தான். மறுபடி ஊன்றினான். விழுந்தான். வருவதற்கு இருந்த தெம்பு வந்ததோடு தீர்ந்துபோயிருந்தது.

உள்ளே சோறு தீய்ந்தது. அவள் நகரவில்லை. விழுகிற ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிறவன்போல வாலை ஆட்டினான். மறுபடி ஊன்றினான். முன்காலில் மழித்திருந்த இடத்தில் தோல் சுருண்டு கழன்றது.

எலும்பு சீமெந்தில் உரசியது. எழுந்தான்.