சவுக்காரம் மணத்த மண்டை ஓடு

மண்டை ஓட்டில் சவுக்கார வாசனை அடித்தது.

யோரிஸ் தன் ஓவியங்களுக்காகக் கல்லறைத் தோட்டத்திலிருந்து வாங்கி வரும் ஓடுகளில் எப்போதும் ஈரமண்தான் மணக்கும். ஐந்து வருடமாக அவற்றைத் துடைத்து மேசையில் எடுத்து வைப்பவள் அவன் மனைவி மாக்டெல்ட். லெய்டன் நகரத்துப் பேராசிரியர்களுக்கு இந்தப் படங்கள்மேல் தீராத ஆசை. அணைந்த மெழுகுவர்த்தி, நின்றுபோன கடிகாரம், நடுவில் ஒரு மண்டை ஓடு. எல்லாம் ஒருநாள் போய்விடும் என்று தங்களுக்கே நினைவூட்டிக்கொள்ள, சுவரில் மாட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று பிற்பகல் கால்வாயிலிருந்து எழுந்த மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. அடுப்புப் புகையும் ஆளி விதை எண்ணெயின் நெடியும் தேங்கிக் கிடந்த அந்த அறையில், யோரிஸின் தூரிகை ஓவியப் பலகையில் உரசும் ஓசை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை யாருங்க கழுவினது?"

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? எடுத்த இடத்துல வை."

வைக்கும்போதுதான் பல்லைப் பார்த்தாள். மேல்வரிசை முன்பல். மூலை உடைந்திருந்தது. சின்ன வயதில், உறைந்த கால்வாயில் சறுக்கும்போது, மாக்டெல்ட் இழுத்த இழுப்பில் தங்கை அலைடா குப்புற விழுந்தாளே, அன்று அவளுக்கு உடைந்த அதே மூலை. போன வசந்தத்தில் யோரிஸோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஆம்ஸ்டர்டாமுக்குப் படகேறிவிட்டாள் அலைடா. அப்படித்தான் யோரிஸ் சொன்னான்.

ஓட்டை மெல்ல மேசையில் வைத்தாள்.

"அலைடாகிட்டேருந்து ஒரு கடுதாசிகூட வரலைங்க."

"வாயாடிக் கழுதை. இப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருக்காளேன்னு சந்தோஷப்படு."

தூரிகை ஓசை நின்றது.

கதவை நோக்கி நகர்ந்தாள். பிடியைத் திருகினாள். பூட்டியிருந்தது. சாவி இல்லை.

"குளிருதேன்னு பூட்டினேன். அங்கயே நில்லு."

கதவோரம் புதுப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. அதில் சுண்ணக்கட்டிக் கோடுகளில் வரைந்த பொருள்கள். அவளுடைய தந்தச் சீப்பு. அவளுடைய ஒற்றைக் கையுறை. மதியம் அவள் கடித்துவிட்டு வைத்த ஆப்பிள், பல் தடத்தோடு. நடுவில் மட்டும் எதுவும் இல்லை. வெறும் வட்டம்.

"ஏங்க... என்னங்க இது?"

"அடுத்த படம். இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினாள்.

யோரிஸ் ஒரு கண்ணை மூடியிருந்தான். நீட்டிய கையில் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலை மெல்ல நகர்த்தி, அவள் தலையை அளந்துகொண்டிருந்தான். கூந்தலை விட்டுவிட்டு அளந்தான். மூக்கையும் விட்டுவிட்டான்.