மருமகன் அறையில் கியூடெக்ஸ் வாசனை

பெருமதிப்புக்குரிய ஊர் மக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், மீராசாவின் மருமகன் முர்ஷித் பெற்றோலுக்கு நிரந்தரமாக விடை கொடுத்துவிட்டார். இனி அவருடைய மோட்டார் சைக்கிள் மின்சாரத்தில் ஓடும், புகை கக்காது, உலகம் இன்னும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். இந்த அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரவில்லை. அந்த ஒரு குறையைத் தவிர, கல்முனையின் தேத்தண்ணிக் கடை, சலூன், வங்கி வரிசை எங்கும் முர்ஷித் தானே நின்று அறிவித்தாயிற்று.

மீராசாவின் மனைவியான மாமி ஜெஸீமா உம்மாவுக்கு மட்டும் அவர் நேரில் எதையும் அறிவிக்கவில்லை. அறிவிக்கவும் முடியாது. மகள் றஸ்னாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் மருமகன் குடிவந்து ஒரு வருடமாகிறது. அந்தக் குடும்பத்து வழக்கப்படி மாமியும் மருமகனும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் அவள் குசினிக்குள் மறைவாள். சோறு போதுமா என்ற கேள்விகூட றஸ்னா வழியாகப் போய், றஸ்னா வழியாகவே திரும்பி வரும்.

மாரி வெள்ளத்தில் வண்டி ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றது. பெட்டரியைக் கழற்றி வெயிலில் காயவைத்த முர்ஷித், அது முன்னைவிடத் திறமாக வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டார். விறாந்தையைக் கூட்டப் போன ஜெஸீமா உம்மாதான் அதன் பெட்டி பக்கவாட்டில் புடைத்திருப்பதைக் கண்டாள்.

"மகள், அந்தச் சாமான் ஊதிக்கிட்டு வருது. வீட்டுக்குள்ள வெக்க வேணாம் எண்டு அவருக்கிட்டச் சொல்லு."

"அவருக்குத் தெரியாததா உம்மா? அதப் பத்தி மேடையில ஏறிக் கதைச்சவரு."

ஆனாலும் றஸ்னா சொன்னாள். புருசனின் காதுக்குப் போய்ச் சேரும்போது அது, "உம்மா பெட்டரியப் பத்தி விசாரிச்சாங்க" என்று மெலிந்துவிட்டது. முர்ஷித் மனம் குளிர்ந்துபோனார். மாமியின் அக்கறைக்கு மரியாதை செய்யும் முகமாக, பெட்டரியை விறாந்தையிலிருந்து தூக்கிப்போய்த் தான் படுக்கும் ஏசி அறைக்குள், கதவோரத்துப் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, தூசி படாமல் கலியாணத்து வெல்வெட் துணியால் மூடியும் விட்டார்.

இன்று விடியற்காலை கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கினார். கையில் புதுச் சார்ஜர், மூக்கில் எதையும் மணக்கவிடாத தடிமன். சார்ஜர் வேறேதோ வண்டிக்குரியதாம், ஆனால் பாதி நேரத்தில் கெதியாக ஏற்றுமாம். அதைப் பெட்டரியில் கொழுவிவிட்டுப் படுத்தார். றஸ்னா அவர் கழற்றிய உடுப்பையும் தோய்த்துப் போட்டுவிட்டுப் படிப்பிக்கப் போனாள். மீராசா வெள்ளாமை வெட்டுப் பார்க்கச் சம்மாந்துறை வயல் வட்டைக்குப் போனார். வீட்டில் மிஞ்சியது மாமியும், மூடிய கதவும், அதற்குப் பின்னால் ஏசியின் ஒரே சீரான முனகலும்.

முதலில் வந்தது வாசனை. குசினியில் சூரை மீனின் செதிலும் இரத்தமும் கையில் பிசுபிசுக்க நின்ற ஜெஸீமா உம்மாவின் மூக்கில், மீன் நாற்றத்தையும் பின் வளவிலிருந்து வந்த கடற்காற்றின் உப்பையும் மெல்ல விலக்கிக்கொண்டு, இனிப்பாக, குளிர்ச்சியாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசுவதுபோல ஒரு மணம் ஏறியது. அந்த வீட்டில் யாரும் கியூடெக்ஸ் பூசுவதில்லை. அவள் கையைக் கழுவினாள், மணந்து பார்த்தாள், கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் அது இன்னும் தடிப்பாக, தொண்டையின் அடியில் ஒட்டுகிற மாதிரி நின்றது. மருமகனின் அறைக் கதவுத் திரைச்சீலை, காற்றே இல்லாத இடத்தில், அடிப்பக்கம் மட்டும் லேசாக அசைந்தது.

ஏசிச் சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம் இருந்தது. பல்லிடுக்கில் யாரோ காற்றை உறிஞ்சுகிற மாதிரி.

ஜின் என்றுதான் முதலில் நினைத்தாள். ஓதினாள். ஓதி முடித்தும் சத்தம் போகவில்லை. ஜின்னாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்குமளவுக்கு, அந்த ஊதிப்போன பெட்டி கண்முன் வந்தது.

போனை எடுத்து றஸ்னாவுக்கு அடித்தாள்.

"உம்மா, கிளாஸ்ல நிக்கிறன்."

"மகள், அவருக்கு ஒரு கோல் எடு. எழும்பச் சொல்லு. அறைக்குள்ள என்னமோ சீறுது."

"ஏசிதான் உம்மா, சேர்விஸ் பண்ண வேணும். விடிய விடிய பஸ்ல வந்த மனிசன், எழுப்பாதீங்க. போனையும் நிப்பாட்டிட்டுத்தான் படுத்தவரு."

"வாசமும் வருது புள்ள!"

"அப்ப நீங்களே கூப்பிடுங்களன்."

"நானா?"

மகள் சிரித்தாள். லைன் அறுந்தது.

நானா. ஒரு வருடம் ஒளிந்து காத்த மரியாதை. என்னவென்று கூப்பிடுவது? மருமகன் என்றா? தம்பி என்றா? மீராசாவுக்கு அடித்தாள், வயலில் வெட்டு மெசினின் இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கும்.

பிறகு மெயின் சுவிட்ச் நினைவுக்கு வந்தது. ஓடினாள். பிடித்து இழுத்தாள். வீடு முழுக்க மின்சாரம் நின்றது. ஏசி ஒரு தரம் இருமி அடங்கியது.

சீறல் அடங்கவில்லை.

மின்சாரம் இல்லாமலே. தன்பாட்டில். இப்போது தெளிவாக. நடுவே டிக். டிக். சோளம் பொரிகிற மாதிரி.

கதவின் அடி இடுக்கால் வெள்ளையாக ஒன்று ஒழுகி வந்தது. புகைபோல மேலே எழவில்லை. தரையோடு படுத்து, நிதானமாக, அவளுடைய கால்விரல்களைத் தேடிக்கொண்டு வந்தது.

அகப்பையை எடுத்துக் கதவில் அடித்தாள். அடித்தாள். அடித்தாள். தலையிலிருந்த முக்காடு எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது.

சாவி திரும்பியது. கதவு திறந்தது.

வெறும் மேலோடு, சாறனை ஒரு கையால் பிடித்தபடி, தடிமனில் வீங்கிய முகத்தோடு மருமகன். அவர் காலடியில், இருட்டில், வெல்வெட் துணி மெல்ல உயர்ந்தது. தணிந்தது. உயர்ந்தது. உள்ளே ஏதோ மூச்சு விடுவதுபோல. அவள் அதைப் பார்த்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது மாமியின் தலைமயிரை.

அவர் முகம் சிவந்தது. கண்ணைத் தாழ்த்தினார்.

கதவைச் சாத்தினார். சாவி திரும்பியது.

"வெளிய வாங்க!" அந்தக் குரல் தன்னுடையதென்று அவளுக்கே புரியவில்லை. "வெளிய வாங்க! வெளிய வாங்க!"

"ஓம் மாமி." மூக்கடைத்த, பணிவான குரல். "கொஞ்சம் பொறுங்க. மேலுக்குச் சேட்டப் போட்டுட்டு வாறன்."

ஒரு வெடி. உடனே இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி. பட்டுத்துணியை ஒரே இழுவையில் கிழிக்கிற சத்தம். அடி இடுக்கில் வெள்ளை மறைந்து செம்மஞ்சள் ஆனது. கைபிடியைப் பற்றினாள். உள்ளங்கைத் தோல் அதிலேயே தங்கியது.

கைபிடி தானாகக் கீழே இறங்கியது. மேலே வந்தது. மறுபடி இறங்கியது.

பாதியில் நின்றது.

கதவின் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நடுவில். தலை உயரத்தில். பிறகு அதற்குக் கீழே. இன்னும் கீழே.

அவருடைய சேட்டெல்லாம் முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.