மில்லருகே ஒரு மெல்லிய குரல்

கமலம் உட்கார மறுத்துவிட்டாள்.

“எங்க வூட்டுக்காரரு மில்லுக்குள்ள செத்தாரு. அதுக்கு போலீஸு சகாயராஜைப் புடிச்சி உள்ள வச்சிட்டாங்க. அவரு அப்புடிச் செய்ய மாட்டாருங்க. ரெண்டு பேரும் அண்ணன் தம்பியாட்டம் இருந்தாங்க.”

துப்பறிவாளர் கிளமெண்ட் அவளைக் கடைசிவரை பேசவிட்டார். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில், மண் அரைக்கும் ஒன்றாம் மில்லின் உருளைக்குள் இறங்கி அவள் கணவன் பழமலை சுத்தம் செய்துகொண்டிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். ஆபரேட்டர் சகாயராஜ்தான் என்றார் சூப்பர்வைசர் நந்தகுமார். சட்டையில் மண் ஒட்டாத மனிதர். அவர் சொல்தான் எடுபட்டது.

கமலத்துடன் கிளமெண்டும் உதவியாளர் மோகனப்பிரியாவும் பட்டறைக்குப் போனார்கள். ஒன்றாம் மில் நின்றிருந்தது. மண்ணோடு போட்டு அரைக்கும் கூழாங்கற்கள் வெளியே குவிந்துகிடந்தன.

“உள்ள ஆள் எறங்கறதுக்கு முன்னால கல்லையெல்லாம் எடுத்துருவோம்,” என்று காதருகே கத்தினார் நந்தகுமார்.

கொட்டகையின் மறுகோடியில் இரண்டாம் மில் காதைப் பிளந்தது. ஒன்றாம் மில்லை ஒட்டியிருந்த சுவிட்ச் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பேச முடிந்தது.

“அந்த நேரம் நான் ஓடிக்கிட்டிருந்த ரெண்டாம் மில்லுகிட்ட நின்னு மொதலாளிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டிருந்தேன். டைமைப் பாத்துட்டுக் கேளுங்க.”

நந்தகுமாரின் செல்போனில் அவர் குரல் நிதானமாக ஒலித்தது: “சார், சாயங்காலம் லாரி வந்துரும்.”

“மில்லு சத்தமே இல்லியே!” மோகனப்பிரியா துள்ளினாள்.

“எரைச்சலைப் போனே வடிகட்டிடும்மா.”

அது உண்மைதான். அவள் முகம் தொங்கிப்போனது.

கிளமெண்ட் நந்தகுமாரை இரண்டாம் மில்லருகே நிற்கவைத்து, அதே வார்த்தைகளை மறுபடி பேசிப் பதியச் சொன்னார். அறைக்குத் திரும்பிக் கேட்டார்கள். இரைச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் நந்தகுமார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

“போன் இரைச்சலை எடுத்துடும். கத்துறவங்க தொண்டையை எறக்காது,” என்றார் கிளமெண்ட். “சத்தத்துக்குள்ள நின்னா நம்மள அறியாம குரல் ஏறிடும். அன்னிக்கு நீங்க மெதுவாப் பேசியிருக்கீங்க. இந்தப் பட்டறையில அப்புடிப் பேச இந்த அறையை விட்டா வேற எடமில்ல. ஒண்ணாம் மில் சுவிட்சும் இங்கதான் இருக்குது.”

நந்தகுமார் சுவிட்சைப் பார்த்தார். “மோட்டாரு ஓடுதான்னு பாக்கத்தான் போட்டேன் சார். உள்ள ஆளு இருக்கறது ஞாபகமில்ல.”

சகாயராஜ் வெளியே வந்துவிடுவார். மோகனப்பிரியா சந்தோஷத்தில் கமலத்தின் கையைப் பிடித்தாள். கமலம் அதை விடுவித்துக்கொண்டாள்.

“இந்த ரூமு இவ்ளோ அமைதியா இருக்குதே. அவரு உள்ள அடிபட்டது உங்களுக்குக் கேக்கலியா?”

நந்தகுமார் தலை கவிழ்ந்தார்.

“கேட்டுச்சும்மா. கல்லு உருளுதுன்னு நெனச்சிட்டேன்.”

கமலம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். கற்கள் எல்லாம் அங்கேதான் குவிந்துகிடந்தன.