நட்சத்திரம் போட்ட படகு

"நான் ஒண்ணும் பண்ல சார்!" கடைக்குள் நுழையும்போதே ஹெப்சிபா அழுதுவிட்டாள்.

ராயபுரத்தில் கம்ப்யூட்டர் கோளாறுகளைத் துப்பறிந்து பிழைப்பவர் குணசேகரன். பதறாமல் நாற்காலியைக் காட்டினார். உதவியாளன் மஜீது டீயை நீட்டினான்.

நெட்டுக்குப்பம் மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் ஹெப்சிபா. கழிமுகத்தில் எண்ணெய் பரவி நாசமான படகு, வலைகளின் படங்கள் படகுக்கொரு ஃபோல்டராக அங்கே இருந்தன. நாளை நஷ்டஈட்டு விசாரணை. இன்று காலை அத்தனையும் மாயம்! எண்ணெய்க் கம்பெனிக்காரனிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாள் என்று சங்கத் தலைவர் இன்னாசி ஊர் நடுவில் கத்திவிட்டார். சாயங்காலம் போலீஸுக்குப் போகிறாராம். கெட்ட பேர் ஒட்டிக்கொண்டால் கடலில் முக்கினாலும் போகுமா?

"கடைசியா இன்னாம்மா பண்ணே?"

"ஸ்டெல்லா படகு படம் மங்கலா கீது, அழிச்சிட்டு வேற போடுன்னாங்க. பட்டனைத் தட்டினேன். 'ஸ்டெல்லா என்று எதுவும் இல்லை'ன்னு வந்துச்சு. இருந்துச்சு சார், கண்ணால பாத்தேன்!"

"வைரஸ்தான் தலைவரே! இல்லாங்காட்டி சங்கத்துக்கு புரோகிராம் எழுதின டில்லிபாபு வேலை" என்று துள்ளினான் மஜீது.

"சும்மா கெட. படகு பேரை எப்படிம்மா டைப் பண்ணுவே?"

"முகப்புல கீற மாதிரியே. கடல் மாதாவுக்கு நேர்ந்துகின படகுன்னா எங்க குப்பத்துல பேருக்கு முன்னால நட்சத்திரம் வரைவோம். கீபோர்டுல கீற * நட்சத்திரம், கொஞ்சம் இடம், அப்புறம் ஸ்டெல்லா. அந்த மாதிரி படகை அழிச்சது இதான் மொத தபா."

குணசேகரன் டீயைக் கீழே வைத்தார்.

மத்தியானம் சங்கத்தில் டில்லிபாபு உள்பட எல்லோரும் கூடினார்கள். குணசேகரன் தன் லேப்டாப்பில் அதே புரோகிராமைப் போட்டு, வெற்று ஃபோல்டர்களுக்குப் படகுப் பெயர்கள் வைத்திருந்தார்.

"தலைவரே, நட்சத்திர ஸ்டெல்லாவை மட்டும் நீங்க அழிங்க."

இன்னாசி தட்டினார். எல்லாப் படகுகளும் போயின. 'ஸ்டெல்லா என்று எதுவும் இல்லை' என்றது திரை.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ல!"

"காலைல இந்தப் பொண்ணும் இதைத்தான் சொல்லிச்சு" என்றார் குணசேகரன். "இருக்கிற படகை இல்லைன்னு ஏன் சொல்லணும்? பேரை ரெண்டாப் பிரிச்சிடுச்சு. டில்லி, அழிக்கிற புரோகிராமைக் கூப்பிட, படகு பேரை அப்படியே கட்டளையோட ஒட்டி, கட்டளையைப் படிச்சு நடத்துற ஷெல்லுகிட்ட குடுத்தே. ஷெல்லுக்கு நட்சத்திரம்னா 'இங்க இருக்கிறது பூரா'. பூராவையும் அழிச்சிட்டு, அப்புறம் ஸ்டெல்லாவைத் தேடியிருக்கு. ஷெல்லை நடுவுல விடாம, பேரைத் தனியா அந்தப் புரோகிராம் கைலயே குடுத்திருக்கணும்."

டில்லிபாபு தலை நிமிரவில்லை. "நட்சத்திரம் வரும்னு நெனைக்கவே இல்லண்ணே."

"படமெல்லாம் அவங்கவங்க போன்ல எடுத்ததுதானே? வூடு வூடாப் போனா கொஞ்சமாவது தேறும்."

இன்னாசி எழுந்தார். "ஊர் நடுவுல கத்தினேன். அங்கயே வந்து தப்புன்னு சொல்றேன், வா கண்ணு."

ஹெப்சிபாவுக்கு மனசு ஆறவில்லை, இன்னும் எரிந்தது. ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கையை நீட்டினாள்.

"காலைல கை நீட்டினேன்னீங்களே சித்தப்பா, இப்ப நீட்டுறேன். மொதல்ல உங்க போனைக் குடுங்க."