பத்து விநாடிக்கு ஒரு 'ம்'

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய வீடு, உயரமான கூரை, உள்ளே நுழைந்ததுமே ஈரச் சுண்ணாம்பு வாடை. நான், மனைவி, ஒன்பது வயது மகள். மகளை வீட்டில் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். சாமான் இறக்கியவர்கள் போனதும் நான் செய்த முதல் வேலை, ஒரு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்தது. இரண்டாவதாக என்ன செய்தேன் என்பது நினைவில்லை.

என் பிழைப்பே போன்தான். தண்ணீர் சூடாக்கும் கருவி விற்கிற கம்பெனியில் புகார் கேட்பவன். வாடிக்கையாளர் மூச்சுவிடாமல் திட்டுவார். நாம் பத்து விநாடிக்கு ஒரு தடவை "ம்" சொல்லவேண்டும். இல்லாவிட்டால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இன்னும் கத்துவார். பதினோரு வருடப் பழக்கம். மனம் எங்கேயோ மேயும், வாய் மட்டும் தன்பாட்டுக்கு "ம்" கொட்டும். வீட்டிலும் அதே கதைதான். வேலை முடிந்து வந்தால் தூங்கும்வரை கையில் போன். யார் என்ன கேட்டாலும் "ம்".

"உங்களோட பேசுறதுக்குச் செவுத்தோட பேசலாம்," என்றாள் மனைவி, குடிவந்து சில மாதம் கழித்து ஒருநாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பேச்சும் ஊசி மாதிரிதான் இருக்கும்.

"செவுரு ம் கொட்டாதே."

"நீங்க கொட்டி என்ன பிரயோஜனம்? நேத்து நான் கேட்டதுக்கு சரின்னீங்களே, என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்."

அன்றே முடிவெடுத்தோம். வீட்டுக்குள் வந்ததும் எங்கள் போன்கள் செருப்புப் பெட்டிக்குள் போய்விடும். சுண்டுவுக்கு மட்டும் பழைய போனில் விளையாட ஒரு மணி நேரம்.

மூன்று நாள் கை பரபரத்தது. காலிச் சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் என் காது திறந்தது.

சனிக்கிழமை மத்தியானம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சுண்டு உள் அறைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு தன் ஒரு மணி நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

"ம்," என்றாள் சுண்டு.

கொஞ்சம் கழித்து மறுபடியும், "ம்."

ஏதோ வீடியோ பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். போனில் சத்தமே இல்லை. கலர் கட்டைகளை அடுக்குகிற விளையாட்டு.

"யாருக்கும்மா ம் கொட்டுற?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "நீங்கதானேப்பா கேட்டுட்டே இருக்கீங்க."

"நான் என்ன கேட்டேன்?"

"தெரியல. ஏதோ கேட்டீங்க."

அப்போதே அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கவேண்டும். எனக்குப் பயம்கூடச் சரியாக வரவில்லை. கால் மரத்துப்போவதைப் போல உள்ளே என்னவோ மரத்துக் கிடந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"அவள நான் எடுத்துக்கட்டுமா?"

சாதாரணமாக, தட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிற தொனி. என் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன்.

"வேணாம்," என்றேன்.

சமையலறையில் யாருமில்லை. சுண்ணாம்பு வாடை மட்டும் தொண்டையில் ஒட்டுகிற அளவுக்குக் கனத்திருந்தது.

இத்தனை மாதம் எதற்கெல்லாம் "ம்" சொல்லியிருப்பேன்? யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முதலில் சிரித்தாள். "போன விட்டதுல மூளை குழம்பிடுச்சு உங்களுக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். வேறு வீடு பார்த்தோம். ஒன்றாந்தேதிதான் அது காலியாகும். பத்து நாள் தாக்குப்பிடிக்கவேண்டும். வேண்டாம் என்றால் அந்தக் குரல் அடங்கிவிடுகிறது, அதனால் சமாளித்துவிடலாம் என்று நம்பினேன். மடத்தனம்.

நான் லீவு போட்டேன். சுண்டுவுக்குப் பள்ளி விடுமுறை. அவளுடைய போனையும் பெட்டியில் போட்டுவிட்டு, "யார் என்ன கேட்டாலும் தலையத் தூக்கிப் பாரு. ஆள் இல்லன்னா பதில் சொல்லாத," என்றேன். பிள்ளை பயந்துபோய்த் தலையாட்டியது.

அதன்பின் அது என்னிடம் மட்டும் கேட்டது. மனைவியின் குரலில், என் மேனேஜரின் குரலில், சில சமயம் என் குரலிலேயே.

"எடுத்துக்கட்டுமா?"

"வேணாம்."

"கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டுமா?"

"வேணாம்."

முதல் நாள் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே சொன்னேன். ஆறாம் நாள் கண்ணை மூடிக்கொண்டேன். பத்து விநாடிக்கு ஒரு "வேணாம்". எனக்குத்தான் இந்த வேலை கைவந்ததாயிற்றே.

அன்று மத்தியானம் நாலு மணி இருக்கும்.

"பயமா இருக்குப்பா. மடியில உக்காரட்டுமா?"

"வேணாம்."

சின்னப் பாதங்கள் தரையில் உரசித் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

அதற்கு இதுவரை காலடிச் சத்தம் இருந்ததே இல்லை.

கண்ணைத் திறந்தேன். உள் அறையிலிருந்து என் குரல் கேட்டது. நான் என் மகளிடம் ஒருநாளும் பேசியிராத அளவு கனிவாக இருந்தது அந்தக் குரல்.

"அப்ப எங்கிட்ட வர்றியா கண்ணு?"

"ம்," என்றாள் சுண்டு.

பாய்ந்து போனேன். ஒரே கதவு, அதன் வழியாகத்தான் நான் நுழைந்தேன். சன்னலில் கம்பி. கட்டிலில் விரிப்பு கசங்கியிருந்தது, தொட்டால் சூடு இருந்தது. அவள் இல்லை.

போலீஸ்காரர் சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். ஒன்றாந்தேதி வந்தது, போனது. நாங்கள் காலி செய்யவில்லை. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது? என் மகள் கடைசியாக என்னிடம் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பதை மனைவியிடம் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அழுகையும் வருவதில்லை.

இப்போது நான்தான் கேட்கிறேன். தினமும் மத்தியானம், அதே நாற்காலியில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த அறையைப் பார்த்து.

"சுண்டு, அப்பா மடியில வந்து உக்காரும்மா."

சற்றுப் பொறுத்துப் பதில் வரும். அவள் குரலேதான். கோபமில்லை, அழுகையில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்கிற குரல்.

"வேணாம்."