காஜாவில் தேங்கிய சட்டைகள்

பள்ளிப் பேண்டு இசைக் குழுவின் வாத்தியார், தையல் கடை வாசலில் நின்று கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க பிள்ளைங்க மேடை ஏறணும். இன்னைக்குப் புதன். பன்னிரண்டு சட்டையில ஒண்ணாவது முடிஞ்சிருக்கா?”

மாமா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார். “நான் தைச்சு மூணு நாள் ஆச்சு சார். எல்லாம் அங்கதான் கிடக்கு” என்று மூலையைக் காட்டினார்.

மூலையில் சித்தி இருந்தாள். சட்டைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. துணிக் குவியல் அவளையே மறைத்தது. காஜா என்றால் பட்டன் நுழையும் துளை. அதன் ஓரம் முழுக்கக் கையால் நெருக்கித் தைக்க வேண்டும்.  வாத்தியார் கத்தியபோதும் அவள் ஊசி விறுவிறுவென்று ஓடியது.

“ஆமை வேகம்!” என்று முணுமுணுத்துவிட்டு வாத்தியார் போய்விட்டார்.

“இப்படியே போனா காஜாவுக்கு வேற ஆள் பார்க்கணும் போல” என்றாள் அம்மா, துணி வெட்டும் கத்தரிக்கோலை நிறுத்தாமலே.

சித்தியின் ஊசி நின்றது. “வேற ஆளையே பாரு அக்கா. நாளையிலிருந்து நான் வரல.”

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் குண்டூசிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பதினொரு வயது. ஒல்லி உடம்பு, சுருக்கென்ற பேச்சு. அதனால் வீட்டில் வைத்த பெயர் அது.

“அநியாயம்! சித்திக்கு என்ன பத்துக் கையா இருக்கு?”

“பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை?” என்றார் மாமா.

குண்டூசி விருட்டென்று எழுந்தாள். பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துச் சீட்டு செய்தாள். கடையில் கிடந்த ஒவ்வொரு துணிக்கும் ஒரு சீட்டு. தையல் சாக்குக்கட்டியால் சுவரில் நான்கு கட்டம் போட்டாள். வெட்டுவது, தைப்பது, காஜா பட்டன், முடிந்தது. எந்தத் துணி எங்கே கிடக்கிறதோ, அந்தக் கட்டத்தில் அதன் சீட்டை ஒட்டினாள்.

“சுவரை ஏன் நாசம் பண்ற?” என்று திரும்பிய மாமா அப்படியே நின்றுவிட்டார். காஜா கட்டத்துச் சீட்டுகள் வரிசையாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தன. முடிந்த கட்டத்தில் ஒன்றே ஒன்று.

“மாமா, ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைப்பீங்க?”

“ஆறு!” என்றார் பெருமையாக.

“சித்தி நாலு முடிப்பாங்க. அப்ப தினமும் ரெண்டு மிச்சம். அது எங்க போகும்? சித்தி தலையிலதானே ஏறும்?”

மாமா சீட்டுகளை எண்ணத் தொடங்கினார். குண்டூசி விடவில்லை.

“இனிமே காஜா கட்டத்துல நாலு சீட்டுக்கு மேல கூடாது. அது நிறைஞ்சிருந்தா யாரும் புதுசா வெட்டக் கூடாது, தைக்கவும் கூடாது. வந்து பட்டன் வைக்கணும்.”

“நான் தையல்காரன். பட்டன் வைக்கவா பொறந்தேன்?”

“சித்தி மட்டும் திட்டு வாங்கவா பொறந்தாங்க?”

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “தப்பு என்னோடதுதான். ஆள் வர வர வெட்டிக்கிட்டே இருந்தேன். வெட்டிட்டா வேலை நடக்குதுன்னு நினைச்சேன். எழுந்திரு தம்பி, ஊசியை எடு.”

பேண்டு சட்டைகளில் நாலு மட்டும் சித்தியின் முன்னால் வைக்கப்பட்டன. மற்றவை மூட்டையில் காத்திருந்தன. சித்தி காஜா எடுக்க எடுக்க, அம்மாவும் மாமாவும் பட்டன் வைத்தார்கள். ஒரு சட்டை முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வந்தது. மூச்சுவிட இடம் கிடைத்ததும் சித்தியின் கை இன்னும் வேகமாக ஓடியது.

வியாழக்கிழமை ஒருவர் வந்து அதட்டினார். “என் கால்சட்டையை முதல்ல தைங்க!”

மாமாவின் கை பழக்கத்தில் மெஷின் பக்கம் போனது.

“மாமா!”

கை சட்டென்று திரும்பியது. “உங்க சீட்டு அதோ இருக்கு சார். முறை வந்ததும் தைக்கிறேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு சட்டைகளும் மடித்துத் தயாராக இருந்தன. பேண்டு வாத்தியார் எண்ணிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“அட, என் தம்பி வேலை பார்க்கிற கார் தொழிற்சாலையில இப்படித்தான் பலகை வச்சிருக்காங்க. கான்பன்னு சொல்வாங்க. யார் சொல்லிக் கொடுத்தா?”

“யாரும் இல்ல. கோவம் வந்துச்சு, ஒட்டினேன்” என்றாள் குண்டூசி. “நீங்க அன்னைக்குச் சித்தியை ஆமைன்னு சொன்னீங்க சார். அது சரியில்ல.”

“ஏய்!” என்று அம்மா பதறினாள்.

வாத்தியாரின் முகம் சிவந்தது. மூலைக்குப் போய், “மன்னிச்சுக்கம்மா. விஷயம் தெரியாம பேசிட்டேன்” என்றார்.

“நானும்தான்” என்றார் வேறொரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்த மாமா, குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

சித்தி அவர் கையிலிருந்த சட்டையை வாங்கிப் பட்டனை இழுத்துப் பார்த்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. இதைப் பிரிச்சுட்டு மறுபடி வை. ரெண்டு நாள் தாங்காது!”