முன்னால் போன மருந்துப் பை

மருந்து மலையேறிக்கொண்டிருந்தது. அது யாருக்குத் தேவையோ, அவர் கீழே நின்று பூக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்!

இது பதினொரு வயது தமந்தாவுக்கு உறைத்தபோது, சுமைக்காரர் சிசாலே அவள் வீட்டைத் தாண்டி வளைவில் மறைந்துவிட்டார்.

முலாஞ்சே மலையில் நான்கு நாள் நடைப்பயணம். வழிகாட்டி, தமந்தாவின் அப்பா. வந்திருப்பவர் பிளான்டயர் நகரத்து ஆசிரியை லிசேலி. முதலுதவிப் பையை அடுக்கியது தமந்தாதான். கட்டுத்துணி, கொப்புளத்துக்கு ஒட்டுப்பட்டை, உப்புச் சர்க்கரைத் தூள், கத்தரிக்கோல். மேலாக, லிசேலி டீச்சரின் ஊசி மருந்து. தேனீ கொட்டினால் அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். உடனே போட்டாக வேண்டும்.

அப்பா வழக்கம்போல எல்லாவற்றையும் சிசாலேயின் மூட்டையில் வைத்து, எடை போட்டு அனுப்பிவிட்டார். சுமைக்காரர்களோ ஓட்டமாக ஓடி, இரவு தங்கும் குடிலில் முதல் ஆளாக அடுப்பு மூட்டுகிறவர்கள்!

பூ இருக்கும் இடத்தில் தேனீ இருக்காதா?

தமந்தா ஓடினாள். மலையிலிருந்து மரப்பலகை சுமந்து இறங்குபவர்களின் செங்குத்தான குறுக்குப் பாதையில் ஏறினாள். முழங்கால் சிராய்த்தது. நிற்கவில்லை.

ஓடைக்கரையில் சிசாலே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! மூட்டையப் பிரிங்க! மருந்துப் பை வேணும்!"

"ஏய் குட்டி டாக்டர், விளையாடுறியா? இதைத் திரும்பக் கட்ட கால் மணி நேரம் ஆகும். குடிலுக்கு வா, தர்றேன்."

"தேனீ கொட்டினா யாருக்கு ஆபத்து? உங்களுக்கா, டீச்சருக்கா?"

"டீச்சருக்குத்தான்."

"டீச்சர் எங்க இருக்காங்க?"

"கீழ."

"மருந்து?"

சிசாலே தன் மூட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. மறு நொடி கயிறு அவிழ்ந்தது.

"பத்து வருஷமா இப்படித்தான் கட்டுறோம். ஒருத்தனுக்கும் தோணலையே! ஓடு, ஓடு!"

பையை மார்போடு அணைத்துக்கொண்டு தமந்தா இறங்கினாள். பாதையோரம் டீச்சர் சிலைபோல அசையாமல் நின்றார். அவர் தொப்பி விளிம்பில் ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் முகம் வெளிறியிருந்தது.

"அசையாதீங்க டீச்சர், மருந்து வந்திடுச்சு!" என்று கிசுகிசுத்தாள் தமந்தா.

தேனீ விளிம்பைச் சுற்றியது. நின்றது. பிறகு பறந்து போனது.

மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"அது மட்டும் கொட்டியிருந்தா..." என்ற அப்பா, பையை வாங்கித் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார். "இனிமே இது என்கூடத்தான் வரும்மா."

"ஊசி என்கூட," என்றார் டீச்சர். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். "தமந்தா, அது கொட்டி, நீயும் வராம இருந்திருந்தா என் வகுப்புப் பசங்களுக்கு இந்த வருஷம் பரீட்சையே இருந்திருக்காது!"

"பாவம், அவங்க ஆசையக் கெடுத்துட்டேனே டீச்சர்!"

டீச்சரின் சிரிப்பு மலைச்சரிவில் எதிரொலித்தது. அவர் நடக்கத் தொடங்கினார். பத்தடிக்கு ஒரு முறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.